வைப்பாற்றில் ஸ்டீல்ஹெட் நிலவரம்

இந்த ஐப்பசியில் ஒரு மீனைப் பிடித்து என் மனைவியின் குழம்புச் சட்டியில் போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். மீன் என்றால் கடையில் வாங்கும் மீன் இல்லை. ஆற்றில் நின்று, தூண்டில் போட்டு, என் சொந்தக் கையால் பிடிக்கும் மீன். கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு ஆற்று மீன் பிடிக்கப் போகிறேன் என்பவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். இங்கே குழாயில் தண்ணீர் வந்தாலே நாலு வீட்டுக்குச் சொல்லி அனுப்புவோம். இருந்தாலும் முடிவு முடிவுதான்.

என் பெயர் எபநேசர். மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சந்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கோடை முழுக்கக் கிணற்று மோட்டார்கள் புகைந்து புகைந்து என்னிடம் வரும். மழை விழுந்துவிட்டால் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரியும் மோட்டார் பக்கம் திரும்ப மாட்டார். ஊருக்கெல்லாம் மே மாதம் லீவு என்றால் எனக்கு ஐப்பசியும் கார்த்திகையும் லீவு. சும்மா இருக்கும் மனிதனுக்கு இரண்டு வழிதான் உண்டு. ஒன்று வீட்டில் பரண் சுத்தம் பண்ணலாம். இல்லையென்றால் மீன் பிடிக்கப் போகலாம்.

ஆனால் உண்மையான காரணம் கிங்ஸ்டன். என் சகலை. அதாவது என் மனைவி ஜெயகுமாரியின் தங்கை ஜெயஷீலாவின் கணவர். கனடாவில் வான்கூவர் பக்கம் கம்ப்யூட்டர் வேலை. வருஷா வருஷம் இந்த மாதங்களில் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு போட்டோ வரும். கையில் ஒரு சால்மன் மீன். மீன் என்றா சொன்னேன், அதை ஒரு சால்வையில் சுற்றி மாதா கோயிலுக்குத் தூக்கிப் போனால் ஞானஸ்நானமே கொடுத்துவிடுவார்கள். அத்தனை பெரிசு. போட்டோவுக்குப் பின்னாலேயே குரலும் வரும்.

"அண்ணாச்சி, ஸ்தோத்திரம். இன்னைக்கு ஆத்து நிலவரம் சொல்லுதேன். மழை விட்டுத் தண்ணி இறங்குது. கலரு இளம்பச்சை. சால்மன் ஏறுது. அது போடுற முட்டையைத் திங்க ட்ரவுட்டு பின்னாலயே வருது. ஸ்டீல்ஹெட் இன்னும் ஒரு மழைக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

ஜெயகுமாரி இதைக் கேட்டுவிட்டு அந்தப் போட்டோவைத் தன் ஸ்டேட்டஸில் வைப்பாள். என் போட்டோவை அவள் ஒரு நாளும் ஸ்டேட்டஸில் வைத்தது கிடையாது. எங்கள் கல்யாண நாளுக்கே ரோஜாப்பூதான் வைத்தாள்.

"ஸ்டீல்ஹெட்டுன்னா என்ன மீனுங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

நான் விடுவேனா. கிங்ஸ்டன் சொன்னதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ஆறு அத்துப்படி. "அதுவும் ட்ரவுட்டுதான். ஆத்துல பொறந்து, கடலுக்குப் போயிட்டு, திரும்ப ஆத்துக்கு வந்தா அதுக்குப் பேரு ஸ்டீல்ஹெட்."

"வெளியூரு போயிட்டு வந்ததும் பேரும் மதிப்பும் கூடிருது, என்ன?"

"ஆமா."

"கடலுக்கே போகாத ட்ரவுட்டு?"

"அது ஆத்துலயே கெடக்கும்."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அவள் சொல்லும் வார்த்தைக்கு நான் பயப்படுவதில்லை. சொல்லாமல் விடுவதற்குத்தான் பயம்.

ஜெயகுமாரியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவள் அங்கன்வாடி டீச்சர். பொய் சொல்கிற பிள்ளையை அவள் அடிக்க மாட்டாள், அதட்ட மாட்டாள். சிரித்த முகமாக "அப்புறம்?" என்று மட்டும் கேட்பாள். பிள்ளை இன்னும் கொஞ்சம் சொல்லும். மறுபடி "அப்புறம்?" என்பாள். மூன்றாவது "அப்புறம்" வரை தாங்கும் பிள்ளை எங்கள் ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

கார்த்திகையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கிங்ஸ்டனும் ஜெயஷீலாவும் கனடாவிலிருந்து வருகிறார்கள், நம் வீட்டில்தான் தங்குகிறார்கள் என்று செய்தி வந்தது.

"அவிய வரும்போது நல்ல மீனா வாங்கணும்ங்க" என்றாள் ஜெயகுமாரி.

"வாங்குறதா? நான் பிடிச்சுத் தாரேன்."

"எங்கன?"

"வைப்பாத்துல. விளாத்திகுளம் பக்கம் தண்ணி வந்திருச்சாம்."

"போன வருசம் என்ன பிடிச்சீங்க?"

"செருப்பு."

"அதுக்கு முந்துன வருசம்?"

அதற்கு முந்தின வருஷம் தூண்டில் முள் என் சட்டைக் காலரிலேயே மாட்டிக்கொண்டது. அதை அவள்தான் கத்தரிக்கோல் வைத்து எடுத்துவிட்டாள்.

"இந்தத் தடவையும் வெறுங்கையா வந்தீங்கன்னா அந்தத் தூண்டிக் கம்பை என்கிட்ட குடுத்திருங்க. மாடியில துணிக்கொடி தொங்குது. முட்டுக் குடுக்க ஒரு கம்பு வேணும்" என்றாள்.

ஆசை ஆசையாய் வாங்கிய கம்பு. அதில் என் பனியனே காயப்போகிறது என்று நினைத்தபோது எனக்கு ரோஷம் வந்தது. ஒரு சனிக்கிழமை காலையில் பைக்கைக் கிளப்பினேன்.

எட்டயபுரம் தாண்டும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் நனைந்து, உளுந்தும் கம்பும் முளைவிட்டு, கண்ணுக்குக் குளிர்ச்சி. விளாத்திகுளம் நெருங்கியதும் ஆற்றுக்குக் குறுக்கு வழி என்று மிளகாய்க் காட்டு வண்டிப் பாதையில் இறக்கினேன். நனைந்த கரிசலில் பைக்கை இறக்குகிறவனை மூளையுள்ளவன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மண் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் அடைத்து, ஒரு கட்டத்தில் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது. இறங்கினால் என் செருப்பும் அதே கதி. ஒவ்வொரு காலிலும் ஒரு தோசைக்கல் கட்டியதுபோல நின்றேன்.

மிளகாய்க்குக் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மண்ணைக் குத்தி எடுக்க ஒரு குச்சி கொண்டுவந்து கொடுத்தாள். பெயர் பத்திரகாளியாம்.

"எங்க போறீய?"

"ஆத்துக்கு. மீன் பிடிக்க."

"ஆத்துல தண்ணி வந்ததே முந்தாநேத்துதான். மீனு எங்கன இருந்து வரும்?"

"கடல்ல இருந்து ஏறும்மா. இந்த மாசம்தான் ஏறும்."

அந்த அம்மா திரும்பிக் காட்டுக்குள் பார்த்து, "ஏட்டி ரெங்கம்மா, இங்கன வா. இவிய சொல்லுததைக் கேளு" என்று கூப்பிட்டாள். ரெங்கம்மாவும் வந்தாள். அவளோடு இன்னும் நாலு பேர் வந்தார்கள். நான் சால்மன், ட்ரவுட், ஸ்டீல்ஹெட் எல்லாவற்றையும் ஒரு தடவை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்கள். கடைசியில் பத்திரகாளி, "பாவம், வெயிலு ஏறுததுக்குள்ள வீட்டுக்குப் போயிருங்க" என்றாள்.

பைக்கை அவர்களிடமே விட்டுவிட்டு நடந்து ஆற்றுக்குப் போனேன். தண்ணீர் ஓடத்தான் செய்தது. நிறம் சுக்குக் காப்பி. ஆற்று மணலில் பாதி சீமைக் கருவேலம். தூண்டிலை நான் எந்தத் திசையில் வீசினாலும் அது ஒரு கருவேல மரத்தில் போய் உட்கார்ந்தது. உச்சிப்பொழுது வரைக்கும் முள்ளை மரத்திலிருந்து எடுப்பதும் மறுபடி மரத்தில் போடுவதுமாக நின்றேன். ஒரு தவளை மட்டும் கரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

சக்கரத்து மண்ணைக் குத்தி எடுத்துவிட்டுத் திரும்பி வரும் வழியெல்லாம் கண்முன் துணிக்கொடிதான் தெரிந்தது. கோவில்பட்டிக்குள் நுழைந்ததும் வண்டி என்னைக் கேட்காமலே மீன் கடைப் பக்கம் திரும்பியது. பீர் முகம்மது கடை. எங்களுக்குப் பல வருஷப் பழக்கம்.

"பாய், ஆத்து மீனு மாதிரி ஒண்ணு வேணும்."

"தொட்டியில கெடந்த விராலெல்லாம் காலையிலயே தீந்துபோச்சு அண்ணாச்சி. ஐஸ்ல ஒண்ணு இருக்கு. நல்ல மீனு."

"குடுங்க. சுத்தம் பண்ண வேண்டாம். கவர்லயும் போட வேண்டாம்."

"பின்ன எப்படிக் கொண்டுட்டுப் போவீங்க?"

"செவுள்ல நாரு கோத்துக் குடுங்க."

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். முழங்கால் வரை கரிசல் மண், தோளில் தூண்டில் கம்பு, சட்டையில் கருவேல முள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நார் கோத்துக் கொடுத்தார். மனிதர் என்றால் அவர் மனிதர்.

வீட்டு வாசலில் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயகுமாரி வந்து வாங்கினாள். வாங்கிய வேகத்தில் கையை மாற்றிக்கொண்டாள்.

"என்னங்க, மீனு இப்படி ஜில்லுனு இருக்கு?"

மோட்டார் எரிந்த வாடை எனக்கு மட்டும் அடித்தது. ஆனால் கிங்ஸ்டனின் பாடங்கள் வீண்போகவில்லை. "தண்ணி டெம்பரேச்சர் இறங்கியிருக்கு. அந்தக் கண்டிஷன்லதான் மீனு கடிக்கும். வேணும்னா கிங்ஸ்டன்கிட்ட கேட்டுப் பாரு."

"அப்புறம்?"

"மேக்க மலையில மழை இல்லியா, அந்தக் குளுந்த தண்ணி அப்படியே இறங்கி வருது."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கடிச்சுது. இழுத்தேன்."

மூன்றாவது "அப்புறம்" வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. "கொஞ்சம் வெயில்ல வைக்கேன், குளிரு விடட்டும்" என்று மீனை மதில் மேல் வைத்தாள். பிறகு என்னை அதோடு நிற்கவைத்துப் போட்டோ எடுத்தாள். சாயங்காலம் பார்த்தால் அவள் ஸ்டேட்டஸில் நான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த விரால் குழம்பை நான் சாப்பிட்டதுபோல இந்த உலகத்தில் யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் முறை சோறு வாங்கும்போது கிங்ஸ்டனின் குரல் வந்தது.

"அண்ணாச்சி, வாழ்த்துகள். அருமையான மீனு. நான் ஊருக்கு வாரேன்ல, ரெண்டு பேருமாச் சேந்து போவோம். என் தூண்டி ராடெல்லாம் எடுத்துட்டு வாரேன்."

சோறு அப்படியே நின்றுவிட்டது.

"ஏங்க, முள்ளா?" என்றாள் ஜெயகுமாரி.

கிங்ஸ்டன் வந்தார். ஜெயஷீலா வந்தாள். மூன்று பெட்டிகளோடு நீளமாக ஒரு நான்காவது பெட்டியும் வந்தது. அதற்குள்தான் அவர் சொன்ன ராடெல்லாம். இந்த மனிதர் ஆற்றில் இறங்கி, போட்ட மாத்திரத்தில் ஒன்றைப் பிடித்துவிடுவார். நான் கருவேல மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். அன்று மாலையே ஸ்டேட்டஸ் மாறிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு நிலவரம்தான். சாயங்காலக் காப்பியின்போது ஆரம்பித்தேன்.

"தம்பி, ஆத்துல தண்ணி ரொம்ப ஏறிட்டு. கலங்கலாக் கெடக்கு. இப்பப் போய்ப் பிரயோசனமில்ல."

"சரிதான் அண்ணாச்சி" என்றார் கிங்ஸ்டன் உடனே. "கலங்கல் தண்ணியில மீனுக்குக் கண்ணு தெரியாது. விட்டுருவோம்."

எவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நினைத்தேன். அதற்குள் ஜெயகுமாரி முறுக்குத் தட்டோடு வந்தாள்.

"எங்க அங்கன்வாடி ஆயா சுடலையம்மாளுக்கு விளாத்திகுளம்தான் ஊரு. கேட்டுட்டேன். தண்ணி இறங்கி, தெளிஞ்சு, பச்சையா ஓடுதாம். தம்பி சொல்ற அதே கலரு."

"காத்து இருக்கும்" என்றேன்.

"ஆமா, காத்து இருந்தா லைன் வீச முடியாது" என்றார் கிங்ஸ்டன்.

"காத்தே இல்லையாம்" என்றாள் ஜெயஷீலா. அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவள் ஊருக்கு வந்தே ஒரு நாள்தான் ஆகிறது.

"கல்யாண வீட்டு வேலை கெடக்கு" என்றேன்.

"அதை நாங்க பாத்துக்கிடுதோம். நீங்க ஆளுக்கு ஒண்ணாப் பிடிச்சுட்டு வாங்க. மசாலா அரைச்சு வச்சிருக்கோம்" என்றாள் ஜெயகுமாரி. அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் முறுக்குக் கடித்தார்கள்.

மறுநாள் காலையில் கிங்ஸ்டனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நீளப் பெட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வந்தார். எதிரே வந்த மினி பஸ் ஒதுங்கி வழிவிட்டது. இந்தத் தடவை குறுக்கு வழி வேண்டாம் என்று தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம்.

ஆற்றங்கரையில் கிங்ஸ்டன் ஒரு ரப்பர் கால்சட்டையை எடுத்து மாட்டினார். கால்சட்டை என்றால் நெஞ்சு வரைக்கும். தோளில் பட்டை. அடியில் பூட்ஸ் அதிலேயே ஒட்டியிருந்தது. மிளகாய்க் காட்டிலிருந்து பத்திரகாளி வரப்பில் வந்து நின்றாள்.

"இவிய யாரு, கிணறு தூர் வாருதவியளா?"

"கனடாவுல இருந்து வந்திருக்காவ."

"அங்கன கிணறு இல்லையாக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வேலையைப் பார்க்கப் போனாள்.

கிங்ஸ்டன் பெட்டியைத் திறந்தார். நகைக்கடை மாதிரி உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் இறகும் பாசியும் மினுமினுப்புமாகப் பொய் இரைகள். ஒவ்வொன்றாக எடுத்தார், வெளிச்சத்தில் பார்த்தார், திரும்ப வைத்தார். "முதல்ல தண்ணியைப் படிக்கணும் அண்ணாச்சி" என்றார். படித்தார். நான் பத்தாம் வகுப்பில்கூட அவ்வளவு நேரம் படித்ததில்லை.

"இறங்குவோமா தம்பி?"

"தண்ணி இன்னும் செட் ஆகல அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன்.

"வெளிச்சம் கூடிட்டு. மீனு அடியில போயிருக்கும்."

எனக்கு உள்ளே ஏதோ தட்டியது. இந்த வார்த்தைகளை நான் எங்கேயோ கேட்டிருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், நேற்று சாயங்காலம் என் வாயிலிருந்துதான் கேட்டேன்.

ஈர மணலைத் தோண்டி ஒரு மண்புழு எடுத்தேன். நல்ல கொழுத்த புழு. "இந்தாங்க தம்பி, பொய் இரையெல்லாம் எதுக்கு, இதை மாட்டுங்க" என்று அவர் உள்ளங்கையில் வைத்தேன். கிங்ஸ்டன் போட்ட சத்தத்தில் கருவேல மரத்துக் கொக்கு பறந்துவிட்டது. பின்னால் துள்ளியவர் கால் வழுக்கி ஆற்றில் உட்கார்ந்தார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் அந்த ரப்பர் கால்சட்டைக்குள் மேல் வழியாகத் தண்ணீர் புகுந்து நிறைந்துவிட்டது. மனிதரால் எழ முடியவில்லை. வைப்பாறு அவரை மெதுவாகக் கடல் பக்கம் உருட்டிக்கொண்டு போக ஆரம்பித்தது. நான் இறங்கி ஓடி, தோள் பட்டையைப் பிடித்து, மூச்சு வாங்க வாங்க மணலில் இழுத்துப் போட்டேன். வைப்பாற்றில் நான் பிடித்த பெரிய உருப்படி அதுதான்.

படுத்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி, ஒரு விஷயம். ஷீலாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"சொல்லுங்க தம்பி."

"எனக்கு மீனு உயிரோட துள்ளுனா கை நடுங்கும். இதுவரைக்கும் ஒண்ணுகூடப் பிடிச்சதில்ல."

"அந்தப் போட்டோ?"

"பக்கத்து வீட்டு வெள்ளக்காரரு பிடிச்சது. போட்டோவுக்கு மட்டும் கையில வாங்கிக்கிடுவேன். உடனே திருப்பிக் குடுத்துருவேன்."

"அப்ப இத்தனை வருசமா நிலவரம் சொன்னீங்களே. சால்மன் ஏறுது, ட்ரவுட்டு பின்னால வருதுன்னு?"

"அதை அந்த ஊர்ல வெப்சைட்டுல தினமும் போடுவாவ. படிச்சுச் சொல்லுவேன்."

"வீட்டுக்கு மீனு?"

"கடையில."

நான் மணலில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கிற மட்டும் சிரித்தேன். அவர் பாவமாக என்னைப் பார்க்க, நானும் பீர் முகம்மது கடைக் கதையைச் சொன்னேன். ஐஸ் மீனுக்கு டெம்பரேச்சர் விளக்கம் கொடுத்ததைச் சொன்னபோது அவர் உருண்டு உருண்டு சிரித்தார். கால்சட்டைக்குள் இருந்த தண்ணீரும் அவரோடு சேர்ந்து குலுங்கியது. இத்தனை வருஷமாக இந்த மனிதர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக அவரை எனக்குப் பிடித்தது.

அதற்குப் பிறகு தூண்டிலை இருவரும் தொடவில்லை. ஜெயகுமாரி கட்டிக் கொடுத்திருந்த எலுமிச்சம்பழச் சோற்றையும் அவித்த முட்டையையும் பிரித்து வைத்துக்கொண்டு, தண்ணீரில் காலைப் போட்டு உட்கார்ந்தோம். மாமனார் வீட்டுக் கதையெல்லாம் பேசினோம். ஆறு தெளிந்து, கிங்ஸ்டன் படித்துச் சொல்வாரே, அதே இளம்பச்சையில் ஓடியது. அக்கரையில் ஆடுகள் இறங்கித் தண்ணீர் குடித்தன. மீன் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லாவிட்டால் ஆறு எவ்வளவு அழகாக இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மனசு நிறைந்து போயிருந்தது.

வெயில் சாயத் தொடங்கியதும்தான் வீட்டில் அரைத்து வைத்த மசாலா ஞாபகம் வந்தது.

"வெறுங்கையாப் போனா என் கம்பு துணிக்கொடிக்குப் போயிரும்" என்றேன்.

"எனக்கு அதுக்கும் மேல. சனிக்கிழமை தோறும் ஷீலா என்னை வீட்டை விட்டு வெளிய அனுப்புறதே இந்தப் பெட்டியை நம்பித்தான்" என்றார்.

"பாய் கடைக்குப் போவோம்."

"போவோம். ஆனா அண்ணாச்சி, ரெண்டும் ஒரே அளவா வாங்குவோம். நமக்குள்ள என்ன போட்டி."

"பின்ன. நமக்குள்ள என்ன" என்றேன். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது மனசு வேறு கணக்குப் போட்டது. நான் மூத்த சகலை. இது என் ஆறு. என் மீன் ஒரு அரைச் சாணாவது கூட இருந்தால்தானே மரியாதை. இன்றைக்கு ஒருநாள் ஜெயகுமாரி இரண்டு மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுக்கட்டும். கனடா எங்கே, கோவில்பட்டி எங்கே என்று குடும்பமே பார்க்கட்டும்.

கடைக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்தினேன். "நீங்க நனைஞ்சு போயிருக்கீங்க தம்பி, அந்தக் கடையில சூடா ரெண்டு டீ சொல்லுங்க. நான் பாயைப் பாத்துட்டு வந்துருதேன்" என்று அவரை அனுப்பிவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போனேன். பலகைமேல் குனிந்து காதோடு காதாகச் சொன்னேன்.

"பாய், விரால் ரெண்டு வேணும். ஒண்ணு நல்லாப் பெருசா..."

"எடுத்து வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றார் பாய்.

பலகைக்கு அடியிலிருந்து ஒரு வாளியை இழுத்தார். உள்ளே இரண்டு விரால், உயிரோடு. ஒன்று வாளியை அடைத்துக்கொண்டு கிடந்தது. இன்னொன்று அதன் பிள்ளை மாதிரி ஓரமாகக் கிடந்தது. இரண்டுக்கும் செவுளில் நார் கோத்திருந்தது. இரண்டின் வாயிலும் ஒரு தூண்டில் முள்.

"இது என்ன பாய்?"

"நீங்க ஆத்துக்குக் கிளம்புன கையோட அக்கா போன் போட்டுட்டாவ. ஐஸ் மீனு வேண்டாம், உயிரோட ரெண்டு வேணும்னாவ. தூண்டி முள்ளும் மாட்டி வைக்கச் சொன்னாவ. மாட்டிட்டேன்."

"யாரு, எங்க ஜெயகுமாரியா?"

"ஆமா. கூட அவிய தங்கச்சியும் பேசுனாவ."

திரும்பிப் பார்த்தேன். டீக்கடை வாசலில் கிங்ஸ்டன் நெஞ்சு வரை ரப்பர் கால்சட்டையோடு இரண்டு டம்ளர் டீயை ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். சரி, மானம்தான் போயிற்று, மீனாவது மிஞ்சட்டும் என்று வாளிக்குள் கையை விட்டேன். பெரிய விராலின் நாரைப் பிடித்துத் தூக்கினேன்.

பாய் என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"அது இல்ல அண்ணாச்சி. பெருசு கனடாக்காரரு பிடிச்சதாம். உங்களுது அந்தச் சின்னது."